ஆசிரியர் தொழிலாளி இல்லையா?

ஆசிரியப் பணி புனிதமானது என்று மேடைதோறும் முழங்கப்படுகிறது. செப்டம்பர் 5 வந்துவிட்டால் மாலை மரியாதைகளுக்குக் குறைவில்லை. ஆனால், அந்தப் புனிதமே ஆசிரியர்களின் உரிமைக்கு முட்டுக்கட்டையாக நின்ற கதையும் உண்டு. மும்பையின் தனியார் பள்ளிகளில் பணிபுரியும் தமிழ் ஆசிரியைகளும் அவர்தம் குடும்பத்தாரும் அதை அறிந்திருப்பது அவசியம்.

கோவாவில் தனியார் பள்ளி ஒன்றின் ஆசிரியை 1975-ல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். தொழில் தகராறு சட்டத்தின்கீழ் அவர் நியாயம் கோரினார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, 1988-ல் தீர்ப்பாயிற்று. கல்வி நிலையமும் அச்சட்டப்படி 'தொழில்'தான் என்று 1978-லேயே அந்நீதிமன்றம் கூறியிருந்தது. ஆயினும், கற்பித்தல் உடலுழைப்பும் அன்று, எழுத்தர் வேலையும் அன்று. அது உயரிய பணி. எனவே ஆசிரியர் 'தொழிலாளி' ஆகார் என்பது முடிவு. அதே பள்ளியின் குமாஸ்தா கேட்கக்கூடிய நியாயத்தை ஆசிரியை அச்சட்டத்தின்கீழ் கேட்க முடியவில்லை! ஆசிரியர்களின் குறை தீர்க்கத் தனி ஏற்பாடு வேண்டும் என்று நீதிமன்றமே சொல்ல நேர்ந்தது.

கிராஜுவிட்டி விஷயத்திலும் இதே கதைதான். பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் கல்வி நிலையங்களுக்கு 1997 ஏப்ரல் 3 முதல் அச்சட்டம் விரிவாக்கப்பட்டது. ஆனால் ஆசிரியர்கள் அதன் வரையறைக்குள் வரமாட்டார்கள் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கை நடத்தியது ஆமதாபாத் தனியார் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கம். வழக்கில் சங்கம் தோற்றது, கோரிக்கை தோற்கவில்லை. நாடாளுமன்றம் 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997-லிருந்தே ஆசிரியர்களுக்கும் அவ்வுரிமை உண்டு என்றாக்கியது. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்குகள் 2022 ஆகஸ்ட் 29 அன்று தள்ளுபடியாயின. பாக்கியை வட்டியுடன் கொடுக்கும்படி உத்தரவாயிற்று.

இந்த உரிமையின் மதிப்பு எவ்வளவு? பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம். மாதத்துக்கு 26 நாள் என்பது கணக்கு. கடைசி ஊதியம் 26,000 ரூபாய், பணிக்காலம் 20 ஆண்டு என்றால் 3 லட்சம் ரூபாய் வரவேண்டும். ஓய்வு பெற்றால் மட்டுமல்ல, ஐந்தாண்டு பணிக்குப் பின் தாமாக விலகினாலும் இது உண்டு. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் கிராஜுவிட்டி தொடர்கிறது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்போருக்கு ஐந்தாண்டு நிபந்தனையும் இல்லை.

கணவர் அலுவலகக் குமாஸ்தா, மனைவி தனியார் பள்ளி ஆசிரியை என்று வாழும் தமிழ்க் குடும்பங்கள் இந்நகரில் உண்டு. கணவரின் சந்தா ரசீது பீரோவில் பத்திரமாக இருக்கும். மனைவிக்குச் சங்கம் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. பிள்ளைகள் படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பும்போது, ஒரு ராஜினாமா கடிதத்தோடு ஆண்டுக் கணக்கான உழைப்பின் பலனையும் விட்டுப்போவது எவ்வளவு பெரிய நஷ்டம்! நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு ஆகியவற்றைப் பாதுகாத்து வைப்பது முதல் கடமை. மகாராஷ்டிரத்தின் 1977-ம் ஆண்டு தனியார் பள்ளி ஊழியர் சட்டப்படி, வேலைநீக்கத்தை எதிர்த்துப் பள்ளித் தீர்ப்பாயத்தில் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதும் நினைவிருக்கவேண்டும்.

கட்டண வருவாயை நம்பியிருக்கும் சிறிய பள்ளிகளுக்குச் சிரமம் இருக்கலாம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கிராஜுவிட்டி இனாம் அல்ல. ஆண்டுதோறும் ஒதுக்கி வைத்திருக்கவேண்டிய கடன். கட்டடத்துக்கு நிதி ஒதுக்கும் நிர்வாகம், அதற்குள் நின்று பாடம் நடத்தியவரை மறந்துவிடலாகாது.

சங்கம் அமைக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் தந்திருக்கிறது. சங்கத்தில் சேர்வதால் ஆசிரியரின் கௌரவம் குறையாது. உரியதைக் கேட்கத் தயங்கி வெறுங்கையோடு வீடு திரும்புவதில்தான் கௌரவக் குறைவு இருக்கிறது.