உரிமம் எங்கே? சோதனை எங்கே?

எக்ஸ்ரே கருவி இயக்க உரிமம் தரும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் எங்கோ டெல்லியில் இல்லை. மும்பையில் செம்பூரைத் தாண்டினால் அணுசக்தி நகர். அங்கேதான் அதன் தலைமையகமான நியாமக் பவன். தாராவி மக்கள் பஸ் பிடித்துப் போய்விடக்கூடிய தூரம். ஆனால் வாரியம் தாராவிக்கு எத்தனை முறை வந்தது?

2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தந்த அறிக்கையை ஆட்சியாளர்கள் மறந்திருக்கலாம். நாட்டில் இயங்கிய 57,443 மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களில் 52,173 வாரியத்தில் பதிவே செய்யாதவை. நூற்றுக்கு 91! மாநிலந்தோறும் கதிரியக்கப் பாதுகாப்பு இயக்குநரகம் அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2001இல் சொல்லியும், பதினோரு ஆண்டு கழித்து கேரளமும் மிசோரமும்தான் அமைத்திருந்தன. மகாராஷ்டிரமும் இல்லை, தமிழ்நாடும் இல்லை. அபராதத் தொகை யாரையும் அச்சுறுத்தாத அளவுக்கு அற்பமானது என்றும் அதே அறிக்கை சாடியது. பிறகு இணையவழி உரிமம் வந்தது, பதிவுகள் கூடின. மறுக்கவில்லை. ஆனால் கணினியில் ஏறிய பதிவு, எக்ஸ்ரே அறையின் சுவரைத் தட்டிப் பார்க்காது.

அந்தச் சுவரைப் பற்றித்தான் பேச வேண்டும். தாராவியில் ஒரு சுவருக்கு இந்தப்பக்கம் எக்ஸ்ரே ஸ்டாண்டு இருந்தால், அந்தப்பக்கம் ஒரு குடும்பத்தின் அடுப்பங்கரை. நாள் முழுக்கக் கதிர் பாயும் திசையில் சுவர் போதிய கனத்தில் இல்லையென்றால், கதவில் ஈயத்தகடு இல்லையென்றால், நோயாளியாகவே இல்லாத ஒருத்தி அங்கே கதிர்பட்டுக்கொண்டே சோறு வடித்துக்கொண்டிருப்பாள். கதிரைத் தடுக்கும் அறை அமைப்பு, தகுதி பெற்ற டெக்னீஷியன், ஊழியர் மார்பில் கதிரளவு காட்டும் பேட்ஜ், குறித்த காலத்தில் கருவியின் தரச் சோதனை ஆகிய அனைத்தும் 2004ஆம் ஆண்டு விதிகளும் 2016ஆம் ஆண்டுப் பாதுகாப்பு நெறியும் விதித்த கட்டாயங்கள். உரிமையாளரின் பெருந்தன்மைக்கு விட்டவை அல்ல.

எக்ஸ்ரேயே வேண்டாம் என்று யாரும் பதற வேண்டியதில்லை. காசநோய் வாட்டும் பகுதியில் நெஞ்சு எக்ஸ்ரே உயிர்காக்கும் படம். நல்ல கருவியில் அதன் கதிரளவு, இயற்கையில் நாம் சில நாட்களில் பெறும் அளவுதான். வயிற்று சி.டி. ஸ்கேனோ ஏறக்குறைய மூன்று ஆண்டு அளவு. ஊழியருக்கு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்று உச்சவரம்பு உண்டு. நோயாளிக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. இந்தப் படம் தேவையா என்று மருத்துவர் கேட்டுக்கொள்ளும் கேள்வியும், கருவியைச் சரியாக வைத்திருப்பதும் மட்டுமே நோயாளிக்கு வேலி. இது தாராவிக்கு மட்டுமல்ல. மாட்டுங்காவின் வசதியான குடும்பமும், மூன்று மாதத்துக்கு முன் எடுத்த ஸ்கேனையே மறுபடி எடுக்கச் சொன்னால், ஏன் என்று கேட்க வேண்டும்.

கை எலும்பு முறிந்த குழந்தையைத் தாய் பிடித்துக்கொள்கிறாள். ஈய ஏப்ரன் மூலையில் ஆணியில் தொங்குகிறது. கர்ப்பமாக இருக்கிறீர்களா என்ற கேள்வி இல்லை. கதிர் விழும் பரப்பைச் சுருக்காமல் விட்டதால், கைக்கு வேண்டிய படத்தில் பாதி உடம்பு விழுகிறது. இது எங்கே நடந்தாலும் அங்கே சட்டம் மீறப்படுகிறது.

2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், ஆக்சிஜன் சிலிண்டருடன் எம்.ஆர்.ஐ. அறைக்குள் சென்ற நோயாளியின் உறவினர் காந்த விசையில் இழுக்கப்பட்டு இறந்தார். அதில் கதிர்வீச்சு இல்லை. விபத்து கண்ணெதிரே நடந்ததால் ஊரே கொதித்தது. கதிர்வீச்சுத் தவறு அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்காவின் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையிலேயே 206 பேருக்கு மூளை ஸ்கேனில் எட்டு மடங்கு கதிர் பாய்ந்தது. 2009இல் வெளிப்படும்வரை பதினெட்டு மாதம் யாரும் கவனிக்கவில்லை. அங்கேயே அந்த நிலை என்றால், சோதனையாளர் எட்டிப் பார்க்காத சந்தில் யார் கண்டுபிடிப்பார்?

வாரியம் மும்பையின் எக்ஸ்ரே, சி.டி. நிலையங்களின் உரிம நிலையை வார்டு வாரியாக வெளியிட வேண்டும். உரிமமும் கடைசித் தரச் சோதனைத் தேதியும் வாசலிலேயே தொங்க வேண்டும். கர்ப்பிணி எச்சரிக்கை மராத்தி, இந்தியோடு தாராவியில் தமிழிலும் இருக்க வேண்டும். உரிமமற்ற கருவிக்கு அன்றே சீல் வைக்க வேண்டும். மாநகராட்சி தன் சொந்த மருத்துவமனைகளையும் இதிலிருந்து விலக்கிக்கொள்ளக் கூடாது. மகாராஷ்டிரத்தில் கதிரியக்கப் பாதுகாப்பு இயக்குநரகம் இன்று இயங்குகிறதா, அதில் எத்தனை ஆய்வாளர்கள் பணியில் இருக்கிறார்கள் என்பதை மாநில அரசு சட்டமன்றத்தில் சொல்ல வேண்டும். தாராவியில் முன்னறிவிப்பில்லாத ஆய்வை எந்த மாதம் தொடங்கப்போகிறது என்பதை வாரியம் இப்போதே அறிவிக்கட்டும்.