இரண்டாம் பந்திக்குக் காத்திருப்போர்

(பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்)

“விளையாட்டு வினையாகும்” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்றோ விளையாட்டு வணிகமாகிவிட்டது. அதுவும் கோடி கோடியாய் முதலிட்டுக் கோடி கோடியாய் ஈட்டும் பெருவணிகம். அவ்வணிகத்தில் நிலவும் ஒரு வழக்கத்தைப் பற்றியே இங்கு எழுத முனைந்துள்ளோம். ஆண்டு மலரில் இதையெல்லாம் எழுதலாமா என்று எங்களுள் சிலர் தயங்கியது உண்மைதான். ஆனால் இலக்கிய மன்றத்தில் இதே பொருளை விவாதத்திற்கு எடுத்துக்கொண்ட அன்று எழுந்த ஆரவாரத்தைக் கேட்டிருந்தால் யாரும் தயங்கமாட்டார்கள். அடுத்த அறையிலிருந்து சகோதரி வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு எங்கள் குரல் உயர்ந்துவிட்டது!

பெற்றோருக்காக முதலில் சிறு விளக்கம். ‘கன்சோல்’ என்பது தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடுவதற்கென்றே செய்யப்பட்ட பெட்டி. ஜப்பானைச் சேர்ந்த சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் என்ற பெயரிலும், அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் எக்ஸ்பாக்ஸ் என்ற பெயரிலும், ஜப்பானின் நின்டென்டோ ஸ்விட்ச் என்ற பெயரிலும் இப்பெட்டிகளை விற்கின்றன. கணினியோ படிக்க, எழுத, கணக்குப் பார்க்க என எல்லாவற்றுக்கும் பயன்படும் பொதுப் பெட்டி. கன்சோல் நிறுவனங்கள் தாங்களே விளையாட்டுகளையும் உருவாக்குகின்றன. அவ்விளையாட்டுகளைத் தங்கள் பெட்டிக்கு வெளியிடும் நாளிலேயே கணினிக்கும் வெளியிட வேண்டுமா, வேண்டாமா? இதுவே வழக்கு. வெளியிட வேண்டும் என்பது எங்கள் கட்சி.

இப்போது நடப்பது என்ன? சோனியின் ‘ஹொரைசன் ஸீரோ டான்’ 2017 பிப்ரவரியில் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. கணினிக்கு வந்ததோ 2020 ஆகஸ்டில். 2018 செப்டம்பரில் வெளிவந்த ‘ஸ்பைடர்மேன்’ கணினியை எட்ட 2022 ஆகஸ்ட் ஆயிற்று. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள்! சிறுவர்களும் ஆடத்தக்க ‘ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்’ 2021 ஜூனில் வந்து, 2023 ஜூலையில்தான் கணினிக்கு வந்தது. இடைவெளி வரவரக் குறைந்திருக்கிறது என்பதை மறுக்கவில்லை. 2023 அக்டோபரில் வந்த ‘ஸ்பைடர்மேன் 2’ பதினைந்து மாதங்களில், 2025 ஜனவரியில், கணினிக்கு வந்துவிட்டது. பதினைந்து மாதம் குறைவா என்று கேட்டால், எங்களுக்கு அது ஒரு வகுப்பைத் தாண்டும் காலம்.

கல்யாண வீட்டில் முதல் பந்தியில் அமர்ந்தவர்கள் பாயசம் குடித்து எழுந்து கை கழுவும் வரையில் வாசலில் நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பசி ஒருபுறம் இருக்கட்டும். எழுந்து வருபவர்கள் “அவியல் பிரமாதம், ஆனால் கூட்டில் உப்பு அதிகம்” என்று சொல்லிக்கொண்டே போவார்கள். கதையுள்ள விளையாட்டிலும் அப்படித்தான். யார் இறந்தார், யார் துரோகி என்பதையெல்லாம் முதல் பந்திக்காரர்கள் ஊருக்கே சொல்லிவிடுகிறார்கள். இரண்டாண்டு காத்திருந்து அதை விலை கொடுத்து வாங்குபவருக்கு முடிவு முன்பே தெரிந்த கதைதான் மிச்சம்.

எதிர்க்கட்சித் தோழியர் இதற்கு ஒரு பழமொழியை எடுத்து வீசினார்கள்: “ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கக் கூடாதா?” நல்ல பழமொழிதான். ஆனால் சோறு ஆறுவதற்காகவா நம்மை நிறுத்தி வைக்கிறார்கள்? அது சுடச்சுட வேறு இலைகளில் பரிமாறப்பட்டுவிட்டதே!

ஆயினும் அவர்கள் சொன்னவற்றுள் ஒன்று எங்களைச் சற்று நேரம் வாயடைக்கச் செய்தது. கன்சோல் பெட்டியை நிறுவனங்கள் பல நேரங்களில் இலாபத்திற்காக விற்பதில்லை. 2006இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 3 அடக்க விலைக்கும் குறைவாகவே விற்கப்பட்டது. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5கூடத் தொடக்கத்தில் அப்படித்தான். வட்டு போடும் வகை இனி நட்டத்தில் விற்கவில்லை என்று சோனி அறிவித்தது 2021 ஆகஸ்டில். பெட்டியில் விட்டதை விளையாட்டில் பிடிப்பது இத்தொழிலின் முறை. பிறர் உருவாக்கும் விளையாட்டு அப்பெட்டிக்கான கடையில் விற்றால் பொதுவாக நூற்றுக்கு முப்பது பங்கு பெட்டிக்காரருக்கு. இணையத்தில் பலரோடு சேர்ந்து ஆட ஆண்டுச் சந்தாவும் உண்டு. கணினியிலோ நிலைமை தலைகீழ். அங்கே பெரிய கடை வால்வ் என்னும் நிறுவனம் 2003இல் தொடங்கிய ‘ஸ்டீம்’. சோனி தன் விளையாட்டை அங்கு விற்றால் தானே பங்கு கொடுக்க வேண்டும். அதே நூற்றுக்கு முப்பதுதான், மிக அதிகமாக விற்றால் மட்டும் சற்றுக் குறையும். ஆகவே, “எல்லாமே முதல் நாளில் கணினிக்கும் வருமானால் பெட்டியை யார் வாங்குவார்? பெட்டி விற்காவிட்டால் அந்த விளையாட்டுகளே பிறக்காதே” என்றனர். இது வெறும் பேராசை வாதமன்று. நாங்கள் இதை மதிக்கிறோம்.

இதற்குச் சான்றாக மைக்ரோசாப்ட்டைக் காட்டினார்கள். அந்நிறுவனம் 2016 முதல் தன் சொந்த விளையாட்டுகளை எக்ஸ்பாக்ஸுக்கும் விண்டோஸ் கணினிக்கும் ஒரே நாளில் தரத் தொடங்கியது. 2021 டிசம்பரில் வந்த ‘ஹேலோ இன்ஃபினிட்’டும் அவ்வாறே வந்தது. பின்பு 2024 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளால் கிடைத்த வருவாய், முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 42 விழுக்காடு வீழ்ந்தது. “பார்த்தீர்களா?” என்றனர்.

பார்த்தோம். ஆனால் எக்ஸ்பாக்ஸ் பின்தங்கியது 2016க்குப் பிறகா? 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 டாலருக்கு வந்தபோது பிளேஸ்டேஷன் 4 விலை 399 டாலர். அந்த நூறு டாலர் வேறுபாடு செய்த வேலை கணினிக்கும் ஒரே நாளில் தரும் வழக்கம் வருமுன்பே தொடங்கிவிட்டது. காய்ச்சல் முதலில் வந்தது, மழையில் நனைந்தது பிறகு. மழையால்தான் காய்ச்சல் என்று எப்படிச் சொல்வது?

மேலும், கன்சோல் வாங்குபவரும் கணினியில் ஆடுபவரும் ஒரே ஆள்தானா? கூடத்து நாற்காலியில் சாய்ந்து, தொலைக்காட்சியில், பொத்தானை அழுத்தியதும் ஆட வேண்டும் என்பவர் கன்சோலையே வாங்குவார். கணினி வைத்திருப்பவரில் பலர் ஒரு விளையாட்டுக்காகத் தனிப் பெட்டி வாங்கப் போவதில்லை. இந்தியாவில் 2021 பிப்ரவரி 2ஆம் நாள் பிளேஸ்டேஷன் 5 விற்பனைக்கு வந்தபோது அதன் விலை ரூ.49,990. அண்ணனுடைய பொறியியல் படிப்புக்காக ஏற்கெனவே கிராபிக்ஸ் கார்டு வைத்த கணினி ஒன்றை வாங்கிய அப்பாவிடம் போய், விளையாட மட்டும் இன்னொரு பெட்டி வேண்டுமென்று கேட்க எந்த மகளுக்குத் துணிவு வரும்? (எல்லாக் கணினியும் இவ்விளையாட்டுகளைத் தாங்காது என்பதை ஒப்புக்கொள்கிறோம். எங்கள் பள்ளிக் கணினி அறையில் உள்ளவை தட்டச்சுக்கே மூச்சு வாங்குகின்றன!) அவ்வீட்டார் சோனிக்கு இழப்பான வாடிக்கையாளர் அல்லர், இரண்டாண்டு கழித்து, ஆர்வம் தணிந்தபின் வந்து சேரும் வாடிக்கையாளர்.

செலவுக் கணக்கும் எங்கள் பக்கமே பேசுகிறது. 2023இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் சோனி அளித்த ஆவணத்தில் எண்களைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். படியெடுத்தபோது மையின் கீழிருந்த எண்கள் தெரிந்துவிட்டன. ‘த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ உருவாக ஏறத்தாழ 22 கோடி டாலர், ‘ஹொரைசன் ஃபார்பிடன் வெஸ்ட்’ உருவாக ஏறத்தாழ 21 கோடி டாலர்! இவ்வளவு பணத்தைக் கொட்டிச் சமைத்ததை ஒரு கூடத்தில் மட்டும் பரிமாறுவது யாருக்கு இலாபம்?

“பதறாத காரியம் சிதறாது” என்பது அடுத்த கணை. ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் வெளியிட முயன்றால் வேலை கெட்டுப்போகும் என்பது அதன் பொருள். கன்சோல் எல்லாம் ஒரே அச்சு. கணினிகளோ வீட்டுக்கு வீடு வேறு. சோதித்துப் பார்ப்பது கடினமே. ஆனால் தாமதித்தால் மட்டும் தரம் வந்துவிடுகிறதா? ‘த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’ பிளேஸ்டேஷன் 5க்கு வந்து ஆறு மாதத்துக்கு மேல் கழித்து, 2023 மார்ச் 28இல் கணினிக்கு வந்தது. வந்த அன்றே பலருக்கு இடையில் நின்றுபோயிற்று. தொடங்குமுன் ஆயத்தம் செய்யவே நெடுநேரம் பிடித்தது. திருத்தம் மேல் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. மாறாக 2022 பிப்ரவரியில் ‘எல்டன் ரிங்’ பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், கணினி எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் வந்தது. கணினியில் அதற்கும் சில தடங்கல்கள் இருந்தனவென்றாலும், வாசலில் எவரையும் நிறுத்தவில்லை. கன்சோல் இல்லாத வெளியீட்டாளர்கள் செய்வதைக் கன்சோல் நிறுவனங்கள் செய்ய இயலாதா? ஒரு காலத்தில் இயலாமைக்குக் காரணம் இருந்தது. பிளேஸ்டேஷன் 3இன் ‘செல்’ என்னும் செயலி கணினிச் செயலியினின்றும் முற்றிலும் வேறுபட்டது. 2013இல் பிளேஸ்டேஷன் 4உம் எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் கணினியில் உள்ளது போன்ற ஏ.எம்.டி. செயலிக்கே மாறிவிட்டன. விளையாட்டை எழுதுபவர்களும் கணினியில்தான் எழுதுகிறார்கள். சமையல் நடக்கும் அடுப்பங்கரைக்கே கடைசியாகச் சோறு வருவது போலல்லவா இருக்கிறது!

நின்டென்டோவைப் பற்றி அதிகம் பேசவில்லை. அது தன் ஸ்விட்ச் விளையாட்டுகளைக் கணினிக்குத் தருவதே இல்லை. பெட்டியும் விளையாட்டும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்தவை, கையில் தூக்கிச் சென்றும் ஆடலாம் என்பதால் அதை எங்கள் வழக்கினின்றும் விலக்கிவிட்டோம். இதில் எங்களுள் இருவருக்கு இன்னும் உடன்பாடில்லை.

சோனியே தன் வாதத்தை மறுத்த நிகழ்ச்சிகளும் உள்ளன. 2024 பிப்ரவரி 8இல் ‘ஹெல்டைவர்ஸ் 2’ பிளேஸ்டேஷன் 5க்கும் கணினிக்கும் ஒரே நாளில் வந்தது. பன்னிரண்டு வாரங்களில் ஒரு கோடியே இருபது இலட்சம் பிரதிகள் விற்றன. அதுவரை சோனி வெளியிட்டவற்றுள் அவ்வளவு விரைவாக விற்றது வேறில்லை. அதன்பின் மே மாதத்தில், கணினியில் ஆடுவோரும் பிளேஸ்டேஷன் கணக்குத் தொடங்கியே தீரவேண்டும் என்று அறிவித்தார்கள். அக்கணக்கைத் தொடங்கவே வழியில்லாத நாடுகளிலும் அவ்விளையாட்டை விற்றிருந்தார்கள்! ஸ்டீமில் கண்டனங்கள் குவிந்தன. சில நாட்களிலேயே அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். சேர்ந்து ஆடும் விளையாட்டுகள் ஒரே நாளில், தனியாக ஆடும் கதை விளையாட்டுகள் பின்னர் என்பதே தங்கள் கொள்கை என அதே மாதம் நிறுவனத்தார் விளக்கினர். சரி, அப்படியானால் 2024 நவம்பரில் சிறுவர்களுக்கான ‘லீகோ ஹொரைசன் அட்வெஞ்சர்ஸ்’ பிளேஸ்டேஷன் 5, கணினி, ஏன் போட்டியாளரான நின்டென்டோவின் ஸ்விட்ச் ஆகிய மூன்றுக்கும் ஒரே நாளில் வந்ததே, அது எந்தக் கொள்கை?

இங்கே எங்கள் பெற்றோர் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று. வெட்டும் குருதியுமாக, பெரியவர்களுக்கென்றே முத்திரையிடப்பட்ட ‘காட் ஆஃப் வார்’ தாமதமாயினும் 2022இல் கணினிக்கு வந்துவிட்டது. குட்டி ரோபோ துள்ளிக் குதித்தோடும் ‘ஆஸ்ட்ரோ பாட்’ 2024 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5க்கு வந்து, அவ்வாண்டின் சிறந்த விளையாட்டு என விருதும் பெற்றது. 2025 முடியும்வரை அது கணினிப் பக்கம் வரவேயில்லை. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு எது முதலில் வந்திருக்க வேண்டும்?

நாங்கள் கேட்பது இலவசமன்று. முழு விலை தருகிறோம். ஒரே நாளில் தாருங்கள் என்கிறோம். உண்மையிலேயே வேலை முடியவில்லையென்றால், கன்சோலுக்கு வெளியிடும் அன்றே கணினிக்கு எந்த மாதம் வரும் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மறைப்பதற்கு ஒரே காரணம், பொறுமையிழந்து பெட்டியையும் வாங்கிவிடுவார்கள் என்ற கணக்குதான். இரண்டு முறை ஒரே விளையாட்டை வாங்கியவர்களும் இருக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது அந்தக் கணக்கு எங்களுக்கு ரசிக்கவில்லை.

எங்களுள் ஒருத்தி எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு விளையாட்டின் முன்னோட்டத்தைக் கண்டு, அது கணினிக்கு வரும் நாளுக்காகக் காத்திருந்தாள். உண்டியலிலும் பணம் சேர்த்தாள். அது கன்சோலுக்கு வந்தது. கணினிக்கு எப்போது என்று யாரும் சொல்லவில்லை. இவ்வாண்டு ஒருவழியாக வந்தே விட்டது. இப்போது நாங்கள் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு முடியும்வரை அவள் வீட்டுக் கணினியின் மேல் அம்மா பூப்போட்ட மேசைவிரிப்பு ஒன்றைப் போர்த்தி வைத்திருக்கிறார். ஜூன் மாதம் அண்ணன் வேலைக்குப் பெங்களூர் போகும்போது அக்கணினியும் அவனோடு போகிறது.