கல்யாணப் பேச்சும் மரபணுச் சோதனையும்

எங்கள் வாலிபர் கூடுகைகளில் மரபணு விஞ்ஞானம் பற்றிப் பேச்சு வந்தால் அது தூரத்து விஷயங்களையே சுற்றும். வேகமாக வளரும்படி மரபணு மாற்றப்பட்ட சால்மன் மீனைச் சாப்பிடலாமா? (2017இல் கனடாவில் அந்த மீன் நாலரை தொன் விற்கப்பட்டபோது பொதியில் எந்த அடையாளமும் இருக்கவில்லை.) சீனாவில் ஹே ஜியன்குய் என்ற விஞ்ஞானி, கருவாக இருக்கும்போதே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் பிள்ளைகளைப் பிறக்கச் செய்ததாக 2018இல் அறிவித்தாரே, அது சரியா? சிருஷ்டிகரின் வேலையில் மனிதன் கை வைக்கலாமா என்று ஒரு மணி நேரம் வாதாடி, தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் கலைந்து போகிறோம். இவை வீண் கேள்விகள் அல்ல. ஆனால் எங்களில் ஒருவரும் கருவில் மரபணு திருத்தப் போவதில்லை. அநேகமாக எல்லாரும் கல்யாணம் செய்யப் போகிறோம். மரபணு பற்றிய கேள்வி நம் வாசலுக்கு வருவது அந்த வழியாகத்தான்.

ஒரு தாய்க்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது. "முதலில் மகளின் காரியம் முடியட்டும்" என்று வீட்டுக்குள் முடிவாகிறது. சபையில் கொடுக்கும் ஜெபக் குறிப்பும் "சுகவீனம்" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடும். அம்மம்மாவும் ஊரில் அதே வருத்தத்தால்தான் போனார் என்பது மகளுக்குத் தெரியாது. அவளுடைய குடும்ப வைத்தியருக்கும் தெரியாது. பெற்றோரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. "அந்தக் குடும்பத்தில் இருக்கிறதாம்" என்ற ஒற்றைப் பேச்சில் கலைந்துபோன சம்பந்தங்களை அவர்கள் கண்டிருக்கிறார்கள். அவர்கள் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அந்தப் பயத்துக்குப் பிள்ளைகள் கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும்.

மார்பகப் புற்றுநோய் எல்லாம் பரம்பரையாக வருவதில்லை. நூற்றில் 5 முதல் 10 வரைதான் அப்படி. அந்தச் சிலரில் பலருக்குக் காரணமாக இருப்பவை பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 என்ற இரண்டு மரபணுக்கள். பிஆர்சிஏ 1இல் கேடான மாற்றம் உள்ள பெண்ணுக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 60க்கும் மேல். பொதுவாகப் பெண்களுக்கு அது 12 அல்லது 13. அந்த மாற்றம் தாய் வழியாக மட்டுமல்ல, தகப்பன் வழியாகவும் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, வாய்ப்பு பாதிக்குப் பாதி. தெரிந்தவர்களுக்கு வழி இருக்கிறது. ஒன்ராறியோவில் இப்படிப்பட்ட பெண்களுக்கு 30 வயதிலிருந்தே ஆண்டுதோறும் மமோகிராமும் எம்ஆர்ஐயும் எடுக்கும் திட்டம் உண்டு. செலவை மாகாணமே ஏற்கிறது. ஆனால் குடும்பக் கதை தெரியாத மகளை அங்கே யார் அனுப்புவார்கள்?

"சோதனை செய்தால் ஆயுள் காப்புறுதி கிடைக்காது, வேலையும் போய்விடும்" என்று சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள். கனடாவில் அதற்கென்றே சட்டம் இருக்கிறது. செனட்டர் ஜேம்ஸ் கோவன் கொண்டுவந்த அந்தச் சட்டமூலத்தை அன்றைய அரசாங்கமே விரும்பவில்லை. காப்புறுதி நிறுவனங்களும் எதிர்த்தன. ஆனாலும் 2017 மார்ச்சில் பாராளுமன்றத்தில் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் பலர் தங்கள் அமைச்சரவைக்கு எதிராகவே வாக்களித்து, 222க்கு 60 என்ற கணக்கில் அதை நிறைவேற்றினார்கள். கியூபெக்கின் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற நூலிழையில் அதைக் காப்பாற்றியது. ஆகவே இன்று எந்த நிறுவனமும் மரபணுச் சோதனை செய் என்றோ, செய்த சோதனையின் முடிவைக் காட்டு என்றோ நிபந்தனை போட முடியாது. மீறினால் பத்து இலட்சம் டொலர் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: தாய்க்கு என்ன வருத்தம், தகப்பனுக்கு என்ன வருத்தம் என்று காப்புறுதிப் படிவத்தில் கேட்பதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை.

சம்பந்தி வீட்டாரையும் அது தடுக்கவில்லை. அங்கேதான் சபைக்கு வேலை இருக்கிறது.

இந்த வேலையைச் செய்து பார்த்த ஒரு சபையும் உண்டு. சைப்பிரஸ் தீவில் ஏழு பேரில் ஒருவருக்குத் தலசீமியா மரபணு இருக்கிறது. அப்படிக் காவுகிறவருக்கு ஒரு வருத்தமும் தெரியாது. ஆனால் அப்படிப்பட்ட இருவர் மணம் செய்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் கடும் தலசீமியா வரும். வாழ்நாள் முழுவதும் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். (இது நமக்குத் தூரத்து நோய் அல்ல. குருநாகலில் இதற்கென்றே சிகிச்சை நிலையம் இருக்கிறது.) 1980களின் தொடக்கத்திலிருந்து அந்நாட்டு ஆர்த்தடாக்ஸ் திருச்சபை, மணம் செய்ய வரும் இருவரும் சோதனை செய்து ஆலோசனை பெற்றோம் என்ற சான்றிதழைக் கேட்கிறது. முடிவு என்ன என்று கேட்பதில்லை; இருவரும் காவிகளாக இருந்தாலும் மணத்தைத் தடுப்பதில்லை. தீவில் தலசீமியாவோடு பிறக்கும் பிள்ளைகள் மிகவும் அரிதாகிவிட்டார்கள்.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தக் குறைவில் பெரும் பங்கு, கர்ப்பத்தில் சோதித்துக் கருவைக் கலைத்ததால் வந்தது. கருக்கலைப்பை ஏற்காத திருச்சபை அந்த முரண்பாட்டோடுதான் இருக்கிறது. சோதனை வேண்டும் என்று சொல்லும் நாமும் அதைத் தெரிந்தே சொல்ல வேண்டும்.

நியூயோர்க்கின் பழமைவாத யூதர்கள் வேறு வழி கண்டார்கள். டே-சாக்ஸ் என்ற பரம்பரை நோய்க்கு நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்த ரபி ஜோசப் எக்ஸ்டைன் 1983இல் டோர் யெஷோரிம் என்ற அமைப்பைத் தொடங்கினார். இளையோர் இரத்தம் கொடுத்தால் பெயருக்குப் பதில் ஓர் இலக்கம் கிடைக்கும். சம்பந்தம் பேசும்போது இரண்டு இலக்கங்களையும் சொன்னால் பொருந்தும் அல்லது பொருந்தாது என்ற பதில் மட்டும் வரும். நம் பெரியவர்களுக்கு இது உடனே பிடித்துவிடும்! சாதகம் பார்க்காத குடும்பங்களுக்குக் கிடைத்த சாதகம் போல இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் வரும் நோய்க்கே இந்த முறை உதவும். பிஆர்சிஏ போன்ற ஒன்றை அந்தப் பெண்ணே அறிந்தால்தான் அவளுக்குப் பயன். அதோடு, தெரிந்தால் வெட்கம் என்பதை ஒப்புக்கொண்டுதான் இந்த முறை தொடங்குகிறது. நாம் அதை ஒப்புக்கொள்ளலாமா? யோவான் 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையில்லாத மனிதனைக் கண்டதும் சீஷர்கள் கேட்டது இவனா பாவம் செய்தான், பெற்றோரா என்பதைத்தான். இருவருமல்ல என்றார் ஆண்டவர். அதைப் பிரசங்கத்தில் கேட்டு ஆமென் சொல்லிவிட்டு, அடுத்த நாள் தொலைபேசியில் "அவர்கள் பரம்பரையில் ஏதோ இருக்கிறதாம்" என்று நாமே சீஷர்களின் கேள்வியைக் கேட்கிறோம்.

நம் சபையில் சான்றிதழ் கேட்பதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். நம்முடையது சிறிய சமூகம். அந்தத் தாள் சீதனப் பட்டியலில் இன்னொரு வரியாகிவிடும். யாருடைய தாள் தாமதமாக வந்தது என்று சனம் எண்ணிக்கொண்டிருக்கும். நாங்கள் கேட்பது சிறியது. போதகர் நடத்தும் திருமண ஆயத்த வகுப்பில், பணத்தைப் பற்றியும் மாமி மாமாவைப் பற்றியும் பேசுவதுபோல, இரண்டு குடும்பங்களின் வருத்தங்களைப் பற்றியும் ஒரு மாலை பேசப்பட வேண்டும். அதை நடத்தச் சபையில் தாதிமார் பலர் இருக்கிறார்கள். என்ன கேட்பது, எந்தச் சோதனைக்குக் குடும்ப வைத்தியரிடம் கடிதம் வாங்குவது என்று அவர்கள் சொல்லட்டும். முடிவுகள் அந்த இருவருக்குள்ளேயே இருக்கட்டும். சொந்த மச்சான் மச்சாளை மணக்க நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒரே குறை இரண்டு பக்கமும் இருக்கும் வாய்ப்பு அங்கே கூடுதல்.

வகுப்பு வரும்வரை வாலிபர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அம்மம்மா, அப்பம்மா இருக்கும் வீடுகளில் இந்த வாரமே தொடங்கலாம். யார் எந்த வயதில் போனார், என்ன வருத்தம் என்று மூன்று தலைமுறைக்கு எழுதி வையுங்கள். "ஏன் இப்போ இதெல்லாம் கேட்கிறாய்?" என்று அவர்கள் முகம் பார்ப்பார்கள். "டொக்டர் கேட்கிறார்" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.