மீன்தொட்டியும் புதுநீரும்



மேற்குத் தாம்பரத்தில் இல்லச் சந்திப்புக்குச் சென்றபோது ஒரு சிறுவன் அழுதுகொண்டிருக்கக் கண்டோம். வண்ணமீன் வணிகத்திற்குப் பெயர்பெற்ற கொளத்தூரிலிருந்து தந்தை வாங்கிவந்த தங்கமீன்கள் நான்கும் மடிந்துவிட்டன. தொட்டி நீர் முழுவதையும் வடித்து, கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவி, ரப்பர்க் குழாயால் நேரே புதுநீர் நிரப்பியிருக்கிறான். அவனிடம் அன்புக்குக் குறைவில்லை. அறிவைத்தான் பெரியவர்களாகிய நாம் ஊட்டவில்லை.

மீன்கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா நஞ்சாகும். கற்களில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. தேய்த்துக் கழுவினால் அந்நுண்ணுயிர்கள் அழியும். குடிநீரில் கிருமிகளைக் கொல்லக் கலக்கும் குளோரினோ மீனின் செவுள்களைத் தாக்கும்.

ஆகவே வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மட்டும் மாற்றுதல் நலம். ரப்பர்க் குழாயில் நீர் நிரப்பி, இரு முனைகளையும் விரலால் அடைத்து, ஒன்றைத் தொட்டி நீரில் அமிழ்த்தி, மற்றதைத் தரையிலுள்ள வாளியில் விடுக. வாளி தாழ இருப்பதால் விரலை எடுத்ததும் நீர் தானே இறங்கும். வாயால் உறிஞ்ச வேண்டா. புதுநீரை ஒருநாள் திறந்து வைத்திருந்து, பின்னர் மெல்ல ஊற்றுக.

வடித்த நீரைச் சாக்கடையில் கொட்ட வேண்டா. 2019-இல் சென்னைக்கு நீர்தரும் ஏரிகள் வறண்டு, தண்ணீர் லாரிக்குக் காத்துநின்றதை மறந்தோமா? அந்நீர் செடிகளுக்கு நல்ல உரம்.

அச்சிறுவனிடம் இப்போது இரண்டு மீன்கள் உள்ளன. சனிக்கிழமை ஊற்றும் நீரை வெள்ளிக்கிழமையே வாளியில் பிடித்து வைக்கிறான்.