பாட்டனார் கடிகாரத்துக்குப் புதுமுகம் எதற்கு?

சேலம், நாமக்கல் வட்டாரத்துப் பழைய வீடுகளில் இரும்புப் பெட்டியைத் திறந்தால், நிலப்பத்திரங்களுக்கு அடியில் துணியில் சுற்றிய கைக்கடிகாரம் ஒன்று கிடைப்பதுண்டு. அது மலாயாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்ததாக இருக்கும். சென்னை மவுண்ட் ரோட்டில் வாங்கியதாகவோ திருமணச் சீராக வந்ததாகவோ இருக்கலாம். ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட், ரோமர், டைட்டோனி, ஒமேகா என ஏதேனும் ஒரு சுவிட்சர்லாந்துப் பெயர் அதன் முகத்தில் எழுதப்பட்டிருக்கும். அதைக் கண்டெடுத்தவுடன் நம்மவர் செய்யும் முதற்காரியம், 'புதுசாக்கித்' தரும்படி கடைக்கு எடுத்துச் செல்வதே. அது தகாது என்பது நம் கருத்து.

இதனைச் சொல்லும் நாமும் அப்பிழையைச் செய்தவரே. நம் குடும்பப் பெரியவர் ஒருவர் முப்பதாண்டுகள் கட்டிய தானியங்கிக் கடிகாரம் ஓடாமல் நின்றிருந்தது. தந்தநிறத் தட்டு பழுத்து, தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. ஏழாம் எண்ணருகே ஒரு கறை. பழுது நீக்குபவரிடம் கொடுத்து, "பார்க்கப் புதிதுபோல் இருக்க வேண்டும்" என்று நாமே கேட்டுக்கொண்டோம். பத்து நாளில் பளபளக்கும் நீலத் தட்டுடன் அது திரும்பி வந்தது. பெரியவரின் கையில் வைத்தோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாருடையது?" என்றார்.

தானாகவே சாவி ஏறும் கைக்கடிகாரத்துக்கு ஜான் ஹார்வுட் என்னும் ஆங்கிலேயர் 1924இல் சுவிட்சர்லாந்தில் காப்புரிமை பெற்றார். முழுவட்டமாகச் சுழலும் எடைத்தகட்டை ரோலெக்ஸ் 1931இல் கொண்டுவந்தது. அத்தகடு உராய்வின்றிச் சுழல எட்டெர்னா நிறுவனம் 1948இல் சிறு குண்டுகளைப் பொருத்தியது. கை அசைய அசையத் தகடு சுழலும். அது சுழலச் சுருள்வில் முறுக்கேறும். தறியில் நாடா எறியும் கையாயினும், லாரியின் சக்கரத்தைத் திருப்பும் கையாயினும், அக்கையின் உழைப்பே கடிகாரத்துக்கு உணவு. அக்காலத்துக் கடிகாரங்கள் பெரும்பாலும் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நாளொன்றுக்கு 4,32,000 துடிப்பு கொண்டவை. கட்டியவரின் நடையாலேயே நடந்த பொறி வேறு எது இருக்கிறது?

அயல்நாட்டுச் செலாவணி நெருக்கடியால் 1950களின் இறுதியில் இறக்குமதி இறுகியது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரம் செய்யத் தொடங்கியது. 1969இல் ஜப்பானின் சீக்கோ குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டதும் சுவிட்சர்லாந்தின் பல தொழிற்கூடங்கள் ஆட்டங்கண்டன. நம் சேலத்துக்கு வடக்கே ஓசூரிலும் டைட்டன் ஆலை குவார்ட்ஸ் கடிகாரங்களோடுதான் எழுந்தது. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016இல் நடுவண் அரசு முடிவெடுத்தது. ஆக, பெட்டியில் உறங்குபவை இனிப் பெருகப் போவதில்லை, குறையத்தான் முடியும்.

அவற்றைக் குறைப்பது யார்? நாம்தாம். பழைய தட்டைச் சுரண்டி, புது வண்ணம் பூசி, பெயரை அச்சிட்டு விற்கும் தொழில் நம் நாட்டில் பெரிதாக வளர்ந்தது. அத்தகையவற்றுக்கு உலகெங்கும் சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்று பெயரே வைத்துவிட்டனர். முகத்தில் சுவிஸ் பெயரும் உள்ளே எச்.எம்.டி. பொறியுமாக வருவனவும் உண்டு. நம் நாட்டுப் பெயருக்கு இது பெருமை சேர்ப்பதன்று. வண்ணம் பூசிப் பிழைக்கும் எளியவரை நாம் குறை கூறவில்லை. கேட்பவர் இருப்பதால் அவர் செய்கிறார். பூசியதை மறைத்து, 'அசல்' என்று சொல்லி விற்பதையே வஞ்சகம் என்கிறோம்.

அசலை அறிவது அத்தனை அரிதன்று. ஆறாம் எண்ணின் கீழே தட்டின் விளிம்பில் 'சுவிஸ் மேட்' என்று நுண்ணிய எழுத்தில் இருக்கிறதா எனக் காண்க; மறுபூச்சில் அது தடித்தோ கோணலாகவோ காணாமலோ போயிருக்கும். மணிக்கோடுகள் நிமிடப்புள்ளிகளோடு நேர்பட நிற்கின்றனவா? முட்கள் உரிய நீளத்தில் உள்ளனவா? கூட்டின் விளிம்புகள் கூர்மை மாறாதிருக்கின்றனவா? வெள்ளிக் கொலுசுக்கு மெருகேற்றும் பட்டறைகள் நிறைந்த சேலத்தில் கடிகாரக் கூட்டுக்கும் மெருகேற்றிக்கொள்வது எளிது. ஆனால் தேய்ந்த விளிம்பு மீண்டும் வளராது. பொற்கூட்டையோ எடைபோட்டு உருக்கியே விடுகிறார்கள். பொன்விலை ஏறும்போதெல்லாம் எத்தனை கடிகாரங்கள் கூடிழந்தனவோ!

"கடிகாரம் மணி பார்க்கத்தானே? மங்கிய தட்டு முதியவர் கண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்வியே. அன்றாடம் கட்டுவதற்குச் சில நூறு ரூபாயில் தெளிவான குவார்ட்ஸ் கடிகாரம் கிடைக்கிறது. பாட்டனார் கடிகாரத்தின் கண்ணாடி மட்டும் கீறியிருந்தால் அதனை மாற்றலாம். உள்ளே உலர்ந்த எண்ணெயைக் கழுவி, புது எண்ணெய் இடுவது கட்டாயம். நம் சமவெளியின் வெயிலும் புழுதியும் அதற்குப் பகை. நெடுநாள் கிடந்ததை 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று குலுக்குவது கூடாது. எண்ணெயற்ற அச்சுகள் தேயும்.

பழைமையைப் போற்றுகிறோம் என்பதற்காக ஒரு தீங்கை மறைத்தல் முறையன்று. இருளில் ஒளிர்ந்த 1950களின் தட்டுகள் பலவற்றில் ரேடியம் பூசப்பட்டது. ஒளி போய்விட்டாலும் கதிர்வீச்சு போகவில்லை. அதன் அரையாயுள் சுமார் 1,600 ஆண்டுகள். ஆகவே அத்தகைய கடிகாரத்தின் மூடியை மாணவர்கள் தாமே திறத்தலோ, பூச்சைச் சுரண்டி நுகர்தலோ ஆகாது. 'சுவிஸ்' என்னும் சொல்லின் இருபுறமும் 'டி' என்னும் எழுத்து இருந்தால் அது டிரிட்டியம். 1960களில் ரேடியத்தின் இடத்துக்கு வந்தது.

வீட்டில் இத்தகைய கடிகாரம் உடையோர், அதனை வாங்கியவர் யார், எந்த ஊரில், எந்த ஆண்டில் என்பதைச் சொல்லக்கூடியவர் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி அதனோடு வைத்துவிடுங்கள். மாற்றிய உறுப்பு எதுவாயினும் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நாமும் காலந்தாழ்த்தி அவ்வாறு கேட்கச் சென்றோம். பழைய தட்டைத் திருப்பித் தர முடியுமா என்று வினவினோம். பழுது நீக்குபவர் கண்ணில் இடுக்கியிருந்த உருப்பெருக்கியைக் கழற்றிவிட்டு, "வேறு தட்டு ஏதும் இல்லைங்க. அதையே சுரண்டித்தான் நீலம் பூசினோம்" என்றார்.