‘எல்லா வேலையும் செய்வேன்’ என்று ஏன் சொல்ல வேண்டும்?

நம் நாட்டில் முதியோர் தொகை வேகமாகக் கூடிக்கொண்டு போகிறது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது நூற்றுக்கு 8 பேர் அளவில்தான் 65 வயதைத் தொட்டவர்களாக இருந்தார்கள். 2024 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அது 12 பேரைத் தாண்டிவிட்டது. பிள்ளைகளோ சிதறி இருக்கிறார்கள். ஒரு மகன் கட்டாரில், ஒரு மகள் லண்டனில், மற்றவர் கொழும்பில் காலை ஏழு மணிக்கே வேலைக்குப் புறப்பட வேண்டியவர். படுக்கையில் விழுந்த உம்மாவையோ வாப்பாவையோ யார் பார்ப்பது? அந்தக் கேள்விக்குப் பல குடும்பங்கள் கண்ட பதில், வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்.

அந்தப் பெண் எங்கிருந்து வருகிறார்? பெரும்பாலும் எங்கள் பக்கத்திலிருந்துதான். கித்துல்கல என்றால் பலருக்கும் களனி கங்கையில் படகு விடும் உல்லாசப் பயணிகளும், 1957 இல் வெளிவந்த ஆங்கிலப் படத்துக்காக இங்கே கட்டப்பட்ட பாலமும்தான் நினைவுக்கு வரும். வீதிக்கு மேலேயுள்ள தோட்டங்களும் லயன்களும் வருவதில்லை. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, கினிகத்தேனை என்று இந்த மலைச்சரிவெங்கும் இறப்பர் பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் வாழ்ந்த குடும்பங்களிலிருந்து எத்தனையோ தாய்மார் அவிசாவளை வழியாகப் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் மற்றவர்களின் தாய்மாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது ஒரு சிறிய விடயம். அவர்கள் தங்களை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றியது அது. சிறிய விடயம்தான், ஆனால் அதில் ஒரு நோயாளியின் உயிரும் ஒரு பெண்ணின் மானமும் தங்கியிருக்கின்றன என்று நான் நம்புகிறேன்.

இன்று அந்த அறிமுகத்தைச் செய்பவர் அந்தப் பெண் அல்லர். ஒரு தரகர் செய்கிறார், அல்லது ஏற்கனவே கொழும்பில் வேலை செய்யும் உறவுக்காரி செய்கிறார். ‘நல்ல மனிசி, கைசுத்தம், வாய் பேசாது’ என்பார்கள். இந்த மூன்றில் எதுவும் நோயாளியைப் பராமரிப்பதோடு சம்பந்தப்பட்டதல்ல. ‘வாய் பேசாது’ என்பது ஒரு தகுதியாகக் கூறப்படுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று வாய் திறந்து சொல்ல வேண்டியவர் அவர்தானே!

இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. ஆங்கிலேயர் காலத்தில், 1871 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கமாக, வீட்டுப் பணியாளர்களைப் பதிவு செய்வதற்கென ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதன்படி பணியாளரிடம் ஒரு சிறு பதிவுப் புத்தகம் இருக்க வேண்டும். வேலையை விட்டு விலகும்போது அவருடைய நடத்தை எப்படிப்பட்டது என்பதை எஜமான் அதில் எழுத வேண்டும். தனக்கு என்ன தெரியும் என்று அவர் தானே எழுதிக்கொள்ள அந்தப் புத்தகத்தில் இடமில்லை. எஜமானின் நடத்தையை எழுதவும் இடமில்லை. அந்தப் புத்தகம் நடைமுறையிலிருந்து எப்போதோ மறைந்துவிட்டது. ஆனால் அதன் மனப்பான்மை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது.

எங்கள் ஊருக்கு மேலேயுள்ள லயனில் ஓர் அக்கா இருக்கிறார். பல வருடங்கள் பால் வெட்டியவர். பிறகு கொழும்பில் பாரிசவாதத்தால் ஒரு பக்கம் விழுந்துபோன ஒரு மூதாட்டியை நான்கு வருடம் பார்த்தார். அந்த மூதாட்டி மௌத்தானதும், பையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரு கடிதத்துண்டுகூட இல்லை. அடுத்த வீட்டில் அவருடைய முன்னைய சம்பளத்திலும் குறைவாகவே பேசினார்களாம். நான் அவரிடம், “உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்டார்களா அக்கா?” என்றேன். “கேட்டாங்க பாப்பா. எல்லா வேலையும் செய்வேன்னு சொன்னேன்” என்றார்.

‘எல்லா வேலையும் செய்வேன்.’ பணிவான வாக்கியமாகத்தான் தெரிகிறது. ஆனால் இது சொல்பவரை மூன்று விதத்தில் ஏமாற்றிவிடுகிறது. முதலாவது, நான்கு வருடம் கற்ற திறமையை அது மறைத்துவிடுகிறது. இரண்டாவது, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டார் ஐந்து பேருக்குச் சமைக்கவும், துணி துவைக்கவும், முற்றம் கூட்டவும் சொல்லிவிடுகிறார்கள். அப்போது நோயாளியைப் பார்க்க நேரம் எங்கே? மூன்றாவது, தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்லும் உரிமையை அவர் முதல் நாளிலேயே இழந்துவிடுகிறார்.

இந்த மூன்றாவதைத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். 1988 இல் பிறந்தவர். வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு 2005 இல் சவூதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்கென்று அனுப்பப்பட்டார். போய்ச் சில வாரங்களுக்குள் நான்கு மாதக் குழந்தை ஒன்று அவர் பொறுப்பில் இறந்துபோனது. புட்டிப்பால் கொடுக்கும்போது புரையேறியது என்று அவர் சொன்னார். கொலை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013 ஜனவரி 9 ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வழக்கைப் பற்றிப் பலர் பலவாறு எழுதியிருக்கிறார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. வேலைக்குப் போனபோது ரிசானாவுக்கு வயது 17. இப்போது எனக்கும் அதே வயது. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துத் தோளில் போட்டுத் தட்டிவிடும் முறையை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவருக்கும் அப்படியான பயிற்சி இருக்கவில்லை. அவரை அறிமுகப்படுத்திய தாளில் வயதே பொய்யாக இருந்தது. ‘எனக்கு இது தெரியாது’ என்று சொல்ல ஓர் இடம் இருந்திருந்தால், அந்தக் குழந்தையும் அவரும் இன்று உயிரோடு இருந்திருக்கலாம்.

வெளிநாட்டில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2021 ஜூலையில் டயகம தோட்டத்தைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, தான் வேலை செய்த கொழும்பு வீட்டில் தீக்காயமடைந்து வைத்தியசாலையில் உயிரிழந்தார். அவர் அன்று பாடசாலையில் இருந்திருக்க வேண்டிய பிள்ளை. உண்மையான வயதைக் கேட்டு, பிள்ளை என்று தெரிந்ததும் திருப்பி அனுப்புவதுதான் ஒரு வீட்டாரின் முதற் கடமை.

சரி, நல்ல அறிமுகம் எப்படி இருக்க வேண்டும்? கடந்த விடுமுறையில் அந்த அக்காவோடு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். எழுதுவது கஷ்டமாக இருக்கவில்லை. தன் திறமையைத் திறமை என்று அவரை ஏற்றுக்கொள்ளச் செய்வதுதான் கஷ்டமாக இருந்தது. “இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பீர்களா?” என்று கேட்டால், “ஆமா, இல்லாட்டி புண்ணு வந்துருமே. அதெல்லாம் ஒரு வேலையா பாப்பா?” என்று சிரித்தார். கடைசியில் நாங்கள் எழுதியது இதுதான்:

“எனக்கு வயது 46. தமிழ் பேசுவேன், சிங்களம் விளங்கும். பாரிசவாத நோயாளி ஒருவரை 4 வருடம் தங்கியிருந்து பார்த்தேன். படுக்கைப் புண் வராமல் புரட்டுவேன். முதுகு பிடிக்காமல் தூக்கி நாற்காலியில் இருத்துவேன். உட்கார வைத்துத்தான் உணவு ஊட்டுவேன். சிறுநீர்ப் பையை இடுப்புக்குக் கீழே வைத்து, அளவு பார்த்து ஊற்றுவேன். சீனி குறைந்தால் வரும் வியர்வையும் நடுக்கமும் தெரியும், உடனே சீனித் தண்ணீர் கொடுப்பேன். விழுங்க முடியாத நிலையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆளைக் கூப்பிடுவேன். கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருப்பேன். ஊசி போடத் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதிய மருந்துப் பெயர் வாசிக்கத் தெரியாது, நேரத்தை எழுதி ஒட்டித் தர வேண்டும். சமையல் நோயாளிக்கு மட்டும். இரவில் எழும்ப வேண்டியிருந்தால் பகலில் தூங்க நேரம் வேண்டும்.”

இதைப் படித்த முதல் வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். ‘நிபந்தனை போடுகிற ஆள் சரிவராது’ என்றார்களாம். இரண்டாவது வீட்டார் மருந்து நேரங்களை எழுதி ஒட்டிவிட்டுக் கூப்பிட்டார்கள். என் கருத்தில், ‘தெரியாது’ என்று அவர் சொன்ன இரண்டு வரிகள்தான் அந்த அறிமுகத்தின் பெறுமதி. தெரியாததைச் சொல்பவர்தான் தெரிந்ததைச் சொல்லும்போது நம்பத் தகுந்தவர்.

இதற்கு வரும் மறுப்புகளையும் நான் கேட்டிருக்கிறேன். “எங்கள் வீட்டில் அவர் வேலைக்காரி அல்ல, குடும்பத்தில் ஒருத்தி. எழுத்தெல்லாம் எதற்கு?” என்பார்கள். அன்பு இருந்தால் மிக்க சந்தோசம். ஆனால் குடும்பத்தில் ஒருத்திக்கு நோன்புப் பெருநாளைக்கும் தீபாவளிக்கும் வீட்டில் இருக்க முடிகிறதா? உடம்பு முடியாத நாளில் படுக்க முடிகிறதா? நிக்காஹ்வைக்கூட நாம் சாட்சி வைத்து, மஹரை எழுதித்தான் செய்கிறோம். எழுதுவதால் அங்கே அன்பு குறைந்துவிடுவதில்லையே.

“எழுதப் படிக்கத் தெரியாதவர் எப்படி எழுதுவார்?” என்பது இன்னொரு கேள்வி. எழுதத்தான் நாம் இருக்கிறோம். மூன்றாவது மறுப்பு, “வாயால் யாரும் எதையும் சொல்லலாம், எப்படி நம்புவது?” என்பது. இது நியாயமானது. இதற்கு வழியும் இருக்கிறது. நம் நாட்டின் தேசிய தொழிற் தகைமை முறையில் பராமரிப்பாளர் தொழிலுக்கும் சான்றிதழ் உண்டு. ஏற்கனவே வேலை செய்து கற்றவர்களின் அனுபவத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் ஏற்பாடும் அம்முறையில் இருக்கிறது. இந்தச் செய்தி லயன் வரை ஏறி வரவில்லை என்பதுதான் குறை. ஜப்பானோடு 2019 இல் செய்துகொண்ட உடன்பாட்டின் கீழ் அங்கே முதியோரைப் பார்க்கப் போகிறவர்கள், பராமரிப்புத் தேர்வும் மொழித் தேர்வும் சித்தியடைய வேண்டும். ஜப்பானியரின் தாய்க்கு இவ்வளவு கேட்கிறார்கள். நம் தாய்க்கு ‘கைசுத்தமா?’ என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம்.

அறிமுகம் ஒரு பக்கத்தால் மட்டும் நடப்பதும் போதாது. வீட்டாரும் தங்களை அறிமுகப்படுத்த வேண்டும். நோயாளியின் நிறை என்ன, மறதி நோய் இருக்கிறதா, இரவில் எழும்பி நடப்பவரா, கோபத்தில் அடிப்பவரா, பராமரிப்பவருக்குத் தூங்கக் கதவுள்ள அறை உண்டா, சம்பளம் எந்தத் திகதியில் என்பவற்றை முதலிலேயே சொல்ல வேண்டும். வீட்டுப் பணியாளர் தொடர்பாகச் சர்வதேச தொழில் அமைப்பு 2011 இல் நிறைவேற்றிய 189 ஆம் சமவாயம், வேலையின் தன்மை, சம்பளம், நேரம், ஓய்வு என்பவற்றைப் பணியாளருக்கு விளங்கும் வகையில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இலங்கை அதை இன்னும் ஏற்று உறுதிப்படுத்தவில்லை. 2016 ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் வீட்டுப் பணியாளரை வெளியே விட்டுவிட்டது. ஊழியர் சேமலாப நிதியும் அவர்களுக்கு இல்லை. சட்டம் வரும் வரை, ஒரு தாளில் இரு தரப்பும் எழுதிக்கொள்வதுதான் அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே பாதுகாப்பு.

பராமரிப்பவரைப் பெயர் சொல்லி மதிப்பது நமக்குப் புதிதல்ல. பனூ ஸஃத் கோத்திரத்துப் பெண்கள் பாலூட்டி வளர்க்கக் குழந்தைகளைத் தேடி மக்காவுக்கு வந்ததையும், தந்தையில்லாப் பிள்ளை என்று மற்றவர்கள் தயங்கிய நபி (ஸல்) அவர்களை ஹலீமா (ரழி) ஏற்று வளர்த்ததையும் நாம் சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். பதினான்கு நூற்றாண்டுகள் கடந்தும் அவருடைய பெயர் நமக்குத் தெரியும். நம் மூத்தும்மாவின் கடைசி மூன்று வருடங்களில் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, இரவில் விழித்திருந்த பெண்ணின் முழுப் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அன்பான சகோதரிகளே, உயர்தரப் பரீட்சை முடிந்ததும் பெறுபேறு வரும் வரை நமக்குப் பல மாதங்கள் ஓய்வு கிடைக்கும். நமக்குத் தமிழ் எழுதத் தெரியும், சிங்களமும் ஓரளவு தெரியும். அவரவர் ஊரில் இப்படி வேலைக்குப் போகும் ஒரு தாயைத் தேடி, அவர் சொல்லச் சொல்ல ஒரு பக்கம் எழுதிக் கொடுப்போம். இரண்டு மொழியிலும் எழுதுவோம். சொல்லாததைச் சேர்க்க வேண்டாம், சொன்னதை அழகுபடுத்தவும் வேண்டாம். மதிப்புக்குரிய பெற்றோரே, உங்கள் வீட்டுக்கு அப்படி ஒருவர் வரும்போது, “என்னென்ன வேலை செய்வாய்?” என்று கேட்காமல், “உங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது?” என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருங்கள்.

— உயர்தர கலைப்பிரிவு மாணவி, கித்துல்கல