குளிசையை நம்பி வீட்டில் காத்திருப்பது குற்றம்

நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது, இடது கை உளைகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்று ஒருவர் சொன்னதும் பக்கத்து வீட்டு ஐயாவின் குளிசை ஒன்றை ஓடிப்போய் வாங்கிவந்து நாக்குக்குக் கீழே வைக்கிறோம். நோ சற்றுத் தணிகிறது. 'விடியட்டும், பார்ப்போம்' என்கிறோம். அன்பினால் செய்வதுதான். ஆனாலும் அது தவறு. அந்த இரவு பலருக்கு விடிவதில்லை.

வைத்தியர்கள் ஜி.டி.என். என்று எழுதித்தரும் அந்தக் குளிசை கிளிசரில் டிரைநைட்ரேட். அது நாளங்களை விரித்து, இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைக் குறைக்கிறது. சுமை இறங்குவதால் ஓரிரு நிமிடங்களில் நோ குறைகிறது. ஆனால் குழாயை அடைத்த இரத்தக்கட்டி அங்கேயே இருக்கிறது. இதயத்தசை தொடர்ந்து செத்துக்கொண்டிருக்கிறது. 1995இல் வெளியான ஐசிஸ்-4 ஆய்வு, மாரடைப்பு ஐயத்துடன் வந்த 58,000 பேரில் இந்த வகை மருந்தைச் சோதித்தது. இறப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. 1988இன் ஐசிஸ்-2 ஆய்வில் சாதாரண அஸ்பிரின் இறப்பை ஏறத்தாழ கால்வாசி குறைத்தது. நோவை ஆற்றுவது வேறு, உயிரைக் காப்பது வேறு.

அளந்து பாராமல் கொடுத்தால் இந்தக் குளிசையே ஆளைச் சாய்க்கும். மேல் பிரஷர் 90க்குக் கீழே இருப்பவருக்கு இது ஆகாது. இதயத்தின் வலப்பக்கம் தாக்கப்பட்டவருக்கு, திரும்பிவரும் இரத்தம்தான் உயிர்ப்பிடி. அதைக் குறைத்தால் பிரஷர் ஒரேயடியாக விழும். ஈசிஜி எடுக்காமல் இதை வீட்டில் யார் கண்டுபிடிப்பது?

இன்னொன்றை வெளிப்படையாகவே எழுதுகிறோம். ஆண்மைக் குறைவுக்கு சில்டெனாஃபில் எடுத்தவருக்கு 24 மணித்தியாலத்துக்குள்ளும், டடலாஃபில் எடுத்தவருக்கு 48 மணித்தியாலத்துக்குள்ளும் ஜி.டி.என். கொடுக்கக்கூடாது. மனைவி, பிள்ளைகள் சூழ நிற்கையில் அதைக் கேட்டால் எந்த மனிதன் 'ஓம்' என்பான்? அம்புலன்ஸில் வருபவர் எல்லோரையும் விலக்கிவிட்டு, காதோடு கேட்கவேண்டும். கேட்கப்படுபவர் வெட்கத்தை விட்டு உண்மை சொல்லவேண்டும். சீட்டு இல்லாமல் ஆண்மைக் குறைவுக் குளிசைகளை விற்கும் பார்மசிக்காரருக்கும் இந்த ஆபத்தில் பங்குண்டு.

வைத்தியர் ஏற்கெனவே எழுதிக்கொடுத்தவர்கள் அதை மண்ணிறக் கண்ணாடிப் போத்தலிலேயே வைத்திருக்க வேண்டும். கடதாசி உறையில் மடித்துச் சட்டைப் பையில் போட்டு வெயிலில் வள்ளத்தில் திரிந்தால் வீரியம் போய்விடும். நோ வந்தால் உட்கார்ந்தபடி ஒன்று. 5 நிமிடத்தில் தணியவில்லை என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கவேண்டும். முன்பு இதய நோயே இல்லாதவர் குளிசை தேடவே வேண்டாம், உடனே அழைக்கவேண்டும்.

அழைத்தாலும் வைத்தியசாலை போய்ச் சேர வழி வேண்டும். 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியா மக்கள் நோயாளியோடு பாதைப் படகுக்குக் காத்து நின்றார்கள். இன்று பாலம் இருக்கிறது. இந்திய நன்கொடையில் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவை கிழக்குக்கும் வந்துவிட்டது. ஆனாலும் புல்மோட்டையிலிருந்து திருகோணமலை நகருக்கு 50 கிலோமீற்றருக்கு மேல். வெருகல் அதைவிடத் தூரம். இந்தத் தூரத்துக்கு மாகாண சுகாதார நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும். போகும் வழியிலேயே ஈசிஜி எடுத்து வைத்தியருக்கு அனுப்பும் வசதியும், தமிழில் நோயாளியிடம் கேட்டறியக்கூடிய பணியாளரும், கட்டி கரைக்கும் ஊசி எந்நேரமும் தயாராக உள்ள ஆதார வைத்தியசாலைகளும் கரையோர மக்களுக்கு உரிமை. கொழும்பில் ஒருவருக்குக் கிடைப்பது ஈச்சிலம்பற்றில் ஒருவருக்குக் கிடைக்காமல் போவது அநீதி.

நிர்வாகம் செய்யும்வரை நம் கையில் உள்ளதை நாம் செய்வோம். அடுத்தவர் குளிசையைக் கடன் வாங்காதீர்கள். நோ குறைந்தாலும் வீட்டில் இருக்காதீர்கள். 1990ஐ அழையுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.